மதுரை வீரன் தோட்டத்துக்கு அந்நியனா?

நம் இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் கருத்து ஒன்று உண்டு. ஈப்போவில் நூல் வெளியீடு நடந்தாலும் சரி, கோலாலம்பூரில் கருத்தரங்கு நடந்தாலும் சரி, யாராவது எழுந்து அதைச் சொல்லிவிடுவார். மலேசியத் தமிழனுக்குச் சரித்திரக் காதல் கதை எதற்கு? நமக்கு ராஜா கிடையாது, கோட்டை கிடையாது, குதிரைப் படை கிடையாது. நாம் கூலிக்கு வந்தவர்கள். நம் கதை லயத்தில் தொடங்கிப் பெரட்டுக் களத்தில் முடிகிறது. அதை உள்ளது உள்ளபடி எழுதுவதே நேர்மை. மாயமும் தெய்வமும் இளவரசியும் வருகிற கதை தமிழ்நாட்டு வார இதழ்களின் சரக்கு. அதை இங்கே எழுதினால் வாழ்க்கையை விட்டு ஓடி ஒளிவதாகும். இப்படிப் போகிறது வாதம். கைதட்டலும் கிடைக்கிறது. காதலும் தெய்வமும் கலந்த பழங்கதை ஒன்றை இளம் எழுத்தாளர் யாராவது எழுதிக் கொண்டுவந்தால், இதெல்லாம் வேண்டாம் தம்பி, தோட்டத்தை எழுது என்று திருப்பி அனுப்புகிறோம்.

இதைச் சொல்கிறவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். அவர்களில் பலர் பால்மரம் வெட்டிய அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர்கள். அந்தத் துயரம் மறந்துபோகக் கூடாது என்ற கவலை அவர்களுடையது. ஆனாலும் கருத்து தவறு. தோட்டத்து மக்களைப் பற்றிய தாழ்ந்த மதிப்பீடு ஒன்றும் அதற்குள் இருக்கிறது: உழைத்தார்கள், அடி வாங்கினார்கள், செத்தார்கள் என்று மட்டும் பார்க்கும் மதிப்பீடு. அவர்கள் ராத்திரியில் என்ன கதை சொன்னார்கள், எந்தக் கதையை நம்பி விடியலில் காட்டுக்குள் போனார்கள் என்பதைக் கணக்கிலேயே எடுக்காத மதிப்பீடு.

தோட்டத்துச் சாமிகளைப் பாருங்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும், லயங்கள் இடிந்து தாமான்கள் எழுந்த பிறகும், மாரியம்மனும் காளியம்மனும் முனியாண்டியும் பேச்சியும் மதுரை வீரனும் இந்தக் கிந்தா வட்டாரத்தை விட்டுப் போகவில்லை. இவர்களில் மதுரை வீரனின் கதையை ஒரு முறை நிதானமாகச் சொல்லிப் பார்ப்போம்.

மாலை சுற்றிப் பிறந்த குழந்தை, நாட்டுக்கு ஆகாது என்று காட்டில் விடப்படுகிறது. எடுத்து வளர்ப்பவர்கள் சின்னானும் செல்லியும், செருப்புத் தைக்கும் குலத்தவர்கள். பாளையக்காரரான பொம்மண்ண நாயக்கரின் மகள் பொம்மி, பூப்பெய்தி ஊருக்கு வெளியே தனிக்குடிசையில் இருக்கிறாள். காவல் சின்னானுக்குரியது. மழை இரவில் தகப்பனுக்குப் பதிலாக மகன் காவலுக்குப் போகிறான். காதல் பிறக்கிறது; இருவரும் ஊரை விட்டு ஓடுகிறார்கள்; துரத்தி வந்த படை தோற்கிறது. பிறகு திருச்சி, அங்கிருந்து மதுரை. அழகர்மலைக் கள்ளர்களை அடக்குவதற்குத் திருமலை நாயக்கர் அவனை அழைக்கிறார். மதுரையில் வெள்ளையம்மாள் மேல் இன்னொரு காதல். அரண்மனையின் கோபத்தில் மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறான். அவன் செத்த பிறகு ஊருக்குக் கேடு வருகிறது. மீனாட்சியம்மன் கோயில் கிழக்கு வாசலில் அவனுக்கு இடம் கொடுத்த பிறகே மதுரை அமைதியாகிறது.

பெயர் தெரிந்த அரசன் இருக்கிறான். 17ஆம் நூற்றாண்டு இருக்கிறது. சாதியை உடைக்கும் காதல், ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது. செத்தவன் தெய்வமாகத் திரும்பி வரும் மாயமும் இருக்கிறது. சரித்திரக் காதல் மாயக்கதை என்று உலகம் எதைச் சொல்கிறதோ அதன் ஒவ்வொரு உறுப்பும் இந்தக் கதையில் உண்டு. இதைக் கல்லாக நட்டு, மஞ்சள் துணி கட்டி, சுருட்டும் சாராயமும் படைத்துக் கும்பிட்டவர்கள்தான் நம் பாட்டன்மார். அவர்களுடைய வாழ்க்கைக்கு இந்த வடிவம் அந்நியம் என்று நாம் எப்படிச் சொல்லலாம்?

மதுரை வீரன் தனி ஆளும் இல்லை. காத்தவராயன் ஆரியமாலா என்ற பார்ப்பனப் பெண்ணைக் காதலித்துக் கழுமரம் ஏறியவன். முத்துப்பட்டன் பிறப்பால் பார்ப்பனன். பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்கள் இருவரையும் மணக்க வேண்டி, அவர்களுடைய தகப்பன் சொன்னபடி குடுமியையும் பூணூலையும் விட்டுச் செருப்புத் தைக்க உட்கார்ந்தவன். மாடுகளைக் காக்கும் சண்டையில் செத்துச் சாமியானவன். மூன்று கதையிலும் அரசாங்கமோ ஊரோ சாதியோ கொன்றவனை அல்லது ஒதுக்கியவனைச் சாமானியர்கள் தெய்வமாக்கித் திருப்பி நிறுத்தியிருக்கிறார்கள். மதுரை வீரன் உண்மையில் காசி ராஜாவின் மகன் என்ற தொடக்கம், தாழ்ந்த குலத்தான் பாளையக்காரர் மகளைத் தொட்டதைச் சகிக்க முடியாதவர்கள் பிற்பாடு ஒட்டிய ஒட்டு என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அப்படியென்றால் காதல் கதை எவ்வளவு ஆபத்தானது என்று மேலே இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் அது பொழுதுபோக்காகத் தெரிகிறது.

யதார்த்தவாதத்தின் பெயரால் பேசுகிறவர்களுக்கு இன்னொன்றும் நினைவூட்ட வேண்டும். இந்தக் கதைப்பாடல்களைத் தேடிப் பதிப்பித்தவர் நா. வானமாமலை. மார்க்சியர். 'ஆராய்ச்சி' இதழை நடத்தியவர். முத்துப்பட்டன் கதையும் காத்தவராயன் கதைப்பாடலும் மதுரைப் பல்கலைக்கழகத்தின் வழியாக அச்சில் வந்தது அவருடைய உழைப்பால். உழைக்கும் மக்களின் உண்மை எங்கே இருக்கிறது என்று வாழ்நாள் முழுதும் தேடிய மனிதர், அதைக் காதலும் மாயமும் கலந்த பழங்கதைகளில் கண்டெடுத்தார். அவருடைய பெயரைச் சொல்லிக்கொண்டே அந்தக் கதைகளின் வடிவத்தை ஒதுக்குவது பொருந்தாது.

பத்து காஜாவிலிருந்து இதைப் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. இங்கிருந்து கோப்பேங் போகும் சாலையில், ஓடையைத் தாண்டி ஒரு மேட்டில், பாதியில் நின்றுபோன மாளிகை ஒன்று நிற்கிறது. கெல்லி காசல். வில்லியம் கெல்லி ஸ்மித் 1870இல் ஸ்காட்லாந்தின் மோரே பகுதியில் கெல்லாஸ் என்ற கிராமத்தில் பிறந்த விவசாயியின் மகன். 20 வயதில் மலாயாவுக்கு வந்து, ஆல்மா பேக்கரின் நில அளவை நிறுவனத்தில் சேர்ந்து, பிறகு கிந்தாவில் காடு வாங்கி ரப்பர் போட்டார். தோட்டத்துக்குப் பிறந்த ஊரின் பெயரைச் சேர்த்துக் கிந்தா கெல்லாஸ் என்று வைத்தார். மாளிகை வேலை 1915இல் தொடங்கியது. மதராஸிலிருந்து 70 கைவினைஞர்களை வரவழைத்தார் என்கிறார்கள். செங்கல்லும் ஓடும் பளிங்கும்கூட இந்தியாவிலிருந்து வந்தன. நடுவில் காய்ச்சல் பரவியது. உலகத்தையே புரட்டிப்போட்ட அதே ஸ்பானிய ஃப்ளூ. தொழிலாளர்கள் விழுந்தார்கள். மாரியம்மனுக்குக் கோயில் கட்டினால்தான் தணியும் என்று துரையிடம் போய்ச் சொன்னார்கள். கோயில் எழுந்தது. 1926இல் ஸ்மித் லிஸ்பனில் நிமோனியா கண்டு இறந்தார். மாளிகை அப்படியே நின்றுவிட்டது. மனைவி ஆக்னஸ் நிலத்தை ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டுக்கு விற்றார்.

மாளிகைக்குப் போகிறவர்கள் அந்தக் கோயிலுக்கும் போக வேண்டும். அதன் மேலே, சுதைச் சாமிகளுக்கு நடுவில், வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஒரு வெள்ளைக்காரர் நிற்கிறார். துரை. அவரை அங்கே ஏற்றி வைத்தவர்கள் நம் ஆட்கள். தோட்டத்துத் தொழிலாளி தன் வாழ்க்கையைத் தானே பதிவு செய்தபோது எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தான் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று இந்த வட்டாரத்தில் இல்லை. நோயும் சாவும் முதலாளியும் தெய்வமும் ஒரே கூரையில். சம்பளப் பட்டியலில் எழுத முடியாததைச் சுதையில் எழுதிவிட்டான். அவனுக்கு மாயம் தெரியும், வரலாறும் தெரியும். இரண்டையும் கலக்கத் தெரியும்.

இனி அந்தக் கெல்லாஸுக்குப் போவோம். 1984இல் அந்தக் கிராமத்தின் அருகே கறுப்புக் காட்டுப்பூனை ஒன்று கண்ணியில் சிக்கியது. காட்டுப்பூனைக்கும் வீட்டுப்பூனைக்கும் பிறந்த கலப்பினம் என்று பிறகு கண்டார்கள். கெல்லாஸ் பூனை என்றே பெயர் நிலைத்தது. அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்தே ஸ்காட்லாந்தின் கெல்டிய மக்கள் காட் ஷீ என்ற மாயப் பூனையைப் பற்றிச் சொல்லிவந்தார்கள். நாய் அளவு பெரிய கறுப்புப் பூனை, மார்பில் வெள்ளைப் பொட்டு. செத்தவரின் உடலைத் தாண்டிவிட்டால் அவருடைய உயிரைக் கவர்ந்துகொண்டு போய்விடும். அதனால் பிணத்தைத் தனியே விடாமல் இரவெல்லாம் விழித்திருந்து காப்பார்கள். இழவு வீட்டில் விளக்கேற்றி வைத்து விடிய விடிய உட்கார்ந்திருக்கும் நமக்கு அந்த இரவு புதிதில்லை. அங்கே துரையின் ஊர்க்காரர்கள் விழித்திருந்தார்கள். இங்கே துரையின் தோட்டக்காரர்கள் விழித்திருந்தார்கள்.

கெல்டியக் கதைகள் என்றதும் வீரர்களும் ராணிகளும் மந்திரக் குன்றுகளும் நினைவுக்கு வரும். அவற்றை வைத்து எழுதிய காதல் நாவல்கள் இன்று உலகம் முழுக்க லட்சக்கணக்கில் விற்கின்றன. அரண்மனைப் பெருமை உள்ள இனம், எழுதுகிறது என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். அந்தக் கதைகளை 19ஆம் நூற்றாண்டு வரை காப்பாற்றிக் கொண்டுவந்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்து மலைநாட்டில் நிலப்பிரபுக்கள் ஆட்டு மந்தைக்காகக் குடியானவர்களை வீட்டை விட்டு விரட்டிய காலம் அது. கூரையைப் பிரித்தார்கள், சில இடங்களில் கொளுத்தினார்கள். கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பல் ஏறியவர்கள் ஆயிரமாயிரம். அயர்லாந்தில் 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதைவிட அதிகமானோர் கடல் கடந்தார்கள். அந்த மக்களின் வாயில் இருந்தவைதான் அந்தக் கதைகள். மீனவர்கள், சிறு குத்தகைக்காரர்கள், ஊர் ஊராகப் போகும் தகரவேலைக்காரர்கள், பிச்சைக்காரர்கள். கோட்டை அவர்களுக்கும் கிடையாது. கோட்டையில் இருந்தவர்கள்தான் அவர்களை விரட்டினார்கள்.

அந்தக் கதைகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓஷீன் என்ற வீரனை நீவ் என்ற பெண் வெள்ளைக் குதிரையில் வந்து காதலித்து, கடலுக்கு அப்பால் முதுமை இல்லாத நாட்டுக்கு அழைத்துப் போகிறாள். மூன்று வருஷம் இருந்ததாக அவன் நினைக்கிறான். ஊர் நினைவு வாட்டுகிறது. போய் வா, ஆனால் குதிரையை விட்டு இறங்கி மண்ணை மட்டும் மிதிக்காதே என்று அனுப்புகிறாள். வந்து பார்த்தால் அயர்லாந்தில் 300 வருஷம் ஓடிவிட்டது. தோழர்கள் யாரும் இல்லை, அவர்களுடைய பெயர்கள் பழங்கதையாகிவிட்டன. வழியில் சில ஆட்கள் பெரிய கல் ஒன்றைப் புரட்ட முடியாமல் திணறுகிறார்கள். உதவுவதற்காகக் குனிகிறான். சேணவார் அறுகிறது. மண்ணில் விழுந்த கணத்தில் கிழவனாகிறான்.

கூலிக்காரர்கள் கல் புரட்டும்போது கை கொடுக்கப் போய்த் தன் 300 வயதையும் ஒரே நொடியில் வாங்கிக்கொண்டவனின் கதை இது. ரஜூலா கப்பலில் ஏறி ஊருக்குப் போன நம் ஆட்களை நினைத்துக்கொள்ளுங்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை இல்லை என்று ஆயிரக்கணக்கானோரைத் திருப்பி அனுப்பினார்கள். 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, மறுபடியும் ஆயிரக்கணக்கானோர் போனார்கள். அவர்களில் பாதி வாழ்நாளை இங்கே கழித்தவர்கள் உண்டு. போன இடத்தில் அண்ணன் மகனுக்கு அடையாளம் தெரியவில்லை, குளம் இருந்த இடம் தெரியவில்லை, பேச்சில் கலந்த மலாய் வார்த்தைக்கு ஊர் சிரித்தது. இந்த அனுபவத்தை யதார்த்த நாவல் எழுதும். தேதியும் கப்பலும் பெட்டியில் இருந்த துணியும் சொல்லும். ஆனால் திரும்பியவனுக்குள் காலம் எப்படி முறிந்தது, ஒரே அடியில் எப்படிக் கிழவனானான் என்பதைச் சொல்ல ஓஷீனின் குதிரை வேண்டியிருக்கிறது. மாயம் இந்த இடத்தில் உண்மையை மறைக்கவில்லை, அளந்து காட்டுகிறது.

ஓடி ஒளிவது என்ற குற்றச்சாட்டுக்கும் அயர்லாந்தே பதில் சொல்லிவிட்டது. லேடி கிரகரி 1902இல் கூஹுலின் என்ற பழைய வீரனின் கதைகளை, தன் வட்டாரத்துக் குடியானவர்கள் பேசும் நடையில், புத்தகமாக்கினார். கவிஞர் யேட்ஸ் அவனை வைத்து நாடகம் எழுதினார். பேட்ரிக் பியர்ஸ் என்ற ஆசிரியர் தன் பள்ளி மாணவர்கள் முன் அந்த வீரனை இலட்சியமாக நிறுத்தினார். 1916 ஈஸ்டர் வாரத்தில் அதே பியர்ஸ், டப்ளின் தலைமைத் தபால் நிலையத்தின் வாசலில் நின்று குடியரசை அறிவித்தார். சில நாளில் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று அந்தத் தபால் நிலையத்தில், கல்லில் தன்னைக் கட்டிக்கொண்டு நின்றபடி சாகும் கூஹுலினின் சிலை இருக்கிறது. கற்பனைக் கதை படிப்பவன் களத்துக்கு வரமாட்டான் என்பது வரலாற்றுக்கு முன் நிற்காத பேச்சு.

நம் எதிர்வாதிகள் சொல்வதில் நியாயமான பகுதி ஒன்று இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுப் பேசக் கூடாது. கல்கிக்கும் சாண்டில்யனுக்கும் பின்னால் வந்த போலிகளைப் படித்தவர்களுக்கு எரிச்சல் வருவது இயற்கை. மாறுவேட இளவரசன், மல்லாந்து படுத்து நிலாவைப் பார்க்கும் இளவரசி, சுரங்க வழி, பக்கத்துக்குப் பக்கம் வர்ணனை. மலேசியாவில் இந்தச் சரக்குக்கு இன்னொரு ஆசையும் சேர்ந்துகொள்கிறது. 1025இல் ராஜேந்திர சோழன் கடாரத்தை வென்றான், ஆகவே நாம் இங்கே கூலிகளாக வந்தவர்கள் இல்லை, வென்றவர்களின் வாரிசுகள் என்ற ஆசை. சாண்டில்யனின் 'கடல் புறா' கடார நாட்டை நம் கண்முன் விரித்தது. அதைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு அந்த ஆசை புரிந்துகொள்ளக் கூடியது. ஆனாலும் அது தவறான ஆறுதல். நம் பாட்டனைக் கப்பலேற்றியது சோழப் படை இல்லை. கங்காணியும் கடனும் பஞ்சமும். ராஜேந்திரனின் பெயரைப் போட்டு அதை மூடினால், கப்பலின் அடித்தட்டில் படுத்து வந்தவனை இரண்டாவது முறையாக இழப்போம்.

ஸ்காட்லாந்தும் இந்தக் குழியில் விழுந்து எழுந்ததுதான். 1760களில் ஜேம்ஸ் மக்ஃபர்சன், ஓசியன் என்ற பழங்காலக் கவிஞனின் பாடல்களைக் கண்டெடுத்து மொழிபெயர்த்ததாகச் சொல்லி வெளியிட்டார். நெப்போலியன் வரை ஐரோப்பா மயங்கியது. வாய்மொழிக் கதைத் துணுக்குகளை எடுத்துப் பெரும்பகுதியைத் தானே எழுதியிருந்தார் என்பது பிறகு தெளிவானது. அவர் கற்பனை செய்தது குற்றமாகாது. கற்பனையை ஆவணம் என்று சொன்னதே குற்றம். பேராவின் ஒவ்வொரு குன்றுக்குள்ளும் சோழன் கோட்டையைத் தேடுகிறவர்களுக்கும் இதையே சொல்ல வேண்டும்: கதையாக எழுதுங்கள், கல்வெட்டு என்று சொல்லாதீர்கள்.

மாயக்கதையைத் தங்களுடையதாக ஏற்பதில் மலாய்க்காரர்களுக்குத் தடுமாற்றம் இருந்ததில்லை. செஜாரா மெலாயுவைத் திறந்து பாருங்கள். ராஜா சுரன் என்ற கலிங்கத்து மன்னன் படையோடு வருகிறான். சோழன் நினைவுதான் அந்தப் பெயரில் படிந்திருக்கிறது என்கிறார்கள் அறிஞர்கள். இதே பேராவில் இருந்ததாகச் சொல்லப்படும் கங்கா நகரத்தை அழிக்கிறான். பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து கடலின் அடியில் இறங்கி, அங்கே ஒரு ராஜகுமாரியை மணந்து, பிள்ளைகள் பெற்று, கடற்குதிரை மேலேறிக் கரைக்குத் திரும்புகிறான். மலாக்கா அரச வம்சத்தின் வேர் அந்தக் கல்யாணத்தில் இருக்கிறது. காதலும் மாயமும் போரும் கலந்த இந்தக் கதையை நம் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் தலையாய நூலாக வைத்திருக்கிறார்கள். ஓடி ஒளிவது என்று யாரும் அவர்களைச் சொல்வதில்லை. நம் அரசனையே அவர்கள் மாயக்கதை நாயகனாக்கினார்கள். நம் தோட்டத்து மனிதர்களை அப்படி எழுத நாம் கூச்சப்படுகிறோம்.

காதலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த வாதத்தில் அதிகம் ஏளனப்படுவது அதுதான். ஆரம்பகாலத் தோட்டங்களில் ஆண்கள் அதிகம், பெண்கள் குறைவு. பிரிட்டிஷ் மலாயாவின் கூலிப் பெண்களைப் பற்றி அருணிமா தத்தா 2021இல் வெளியிட்ட ஆய்வு, காலனிய ஆவணங்கள் அந்தப் பெண்களை எப்படிப் பார்த்தன என்று காட்டுகிறது: ஒன்று ஒழுக்கம் கெட்டவள், இல்லையேல் பாவப்பட்டவள். தோட்டத்துப் பெண் ஒருத்தி ஒருவனை விரும்பி இன்னொரு தோட்டத்துக்குப் போனாள் என்றால், அது கோப்பில் ஏறுவது அடுத்தவன் மனைவியை மயக்கிக் கூட்டிப்போன வழக்காக. கோபத்தில் வெட்டிக்கொண்டால் கொலை வழக்காக. அவள் ஏன் போனாள், அவனிடம் என்ன கண்டாள், அந்த இரவில் எந்த நிரையில் நடந்து எந்த ஓடையைத் தாண்டினார்கள் என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. ஆவணத்தை மட்டும் நம்பி எழுதும் யதார்த்தம், துரையும் மாஜிஸ்ட்ரேட்டும் விட்டுவைத்ததை மட்டுமே எழுதும். பொம்மியின் கதை நமக்கு இருப்பதால்தான் அவள் ஓடிப்போனவள் என்ற ஒற்றைச் சொல்லில் அடங்காமல் பொம்மியாக நிற்கிறாள். பெயர் தெரியாத அந்தத் தோட்டத்துப் பெண்களுக்கும் அது வேண்டும்.

மலாயாவின் முதல் தமிழ் நாவல் என்று பரவலாகச் சொல்லப்படும் க. வெங்கடரத்தினத்தின் 1917ஆம் ஆண்டு நாவலுக்கு 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' என்று பெயர். காதல் நம் நாவலின் தலைப்பிலேயே இருந்தது. அ. ரெங்கசாமி சயாம் மரண ரயிலையும் லங்காட் கரையையும் எழுதியது பெரிய காரியம். அந்த வழி தொடர வேண்டும். ம. நவீனின் 'பேய்ச்சி' 2019இல் வந்து தோட்டத்துத் தாய்த்தெய்வத்தை நாவலின் நடுவில் நிறுத்தியது; அடுத்த ஆண்டு இறுதியில் உள்துறை அமைச்சு அதைத் தடை செய்தது. தடையை விடுங்கள், தெய்வத்தையும் வரலாற்றையும் உடலின் ஆசையையும் ஒன்றாக எழுதினால் தோட்டம் சிறுத்துவிடாது என்பதை அந்த நாவல் காட்டிவிட்டது.

எழுத மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மறுபடியும் கெல்லி காசல்தான் சாட்சி. நாம் எழுதவில்லை என்பதற்காக அங்கே காதல் கதை இல்லாமல் போகவில்லை. மனைவிக்காக மாளிகை கட்டிய துரை, பாதியில் முடிந்த கனவு, மாடியில் நடமாடும் ஆவி, மின்தூக்கிக்காக விட்ட உயரமான வெற்றுக் கூண்டு, கோயில் வரை போகும் சுரங்கம் என்று சுற்றுலாப் பயணிகளுக்குத் தினமும் சொல்லப்படுகிறது. 1999இல் 'அன்னா அண்ட் தி கிங்' படம் எடுக்க ஹாலிவுட்டும் இங்கே வந்தது. அதிலும் வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தியின் காதல்தான். அந்தச் செங்கல்லை அடுக்கிய மதராஸ் கொத்தனுக்கு அந்த மேட்டில் காதல் கிடையாது, ஆவிகூடக் கிடையாது. சாங்காட் குன்றுக்குப் பக்கத்து இடுகாட்டில் அவசரகாலத்தில் கொல்லப்பட்ட தோட்டத் துரைமாருக்குப் பெயர் பொறித்த கற்கள் இருக்கின்றன. அந்தக் கல்லறைகளுக்கு ஆண்டுதோறும் மலர் வளையம் வருகிறது. நம் ஆட்களைப் புதைத்த இடத்தில் பல தோட்டங்களில் செம்பனை நிற்கிறது.

நாம் எழுதத் தொடங்க, கெல்லி காசல் கட்ட வந்த அந்த 70 கைவினைஞர்களில் ஒருவனை எடுத்துக்கொள்ளலாம். சுதை வேலை தெரிந்தவன். காய்ச்சலில் சாகும் பெண்ணின் தலைமாட்டில் விழித்திருக்கிறான். அவளுடைய உயிருக்காக மாரியம்மனிடமும், துரையின் ஊரிலிருந்து பெட்டியோடு கப்பலேறி வந்த கறுப்புப் பூனையிடமும் ஒரே இரவில் வாதாடுகிறான். கெல்டியக் கதையும் நம் கதையும் ஒரே லயத்துக்குள் சந்திக்க இந்த உலகத்தில் இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. கலைந்துபோன கதையைக் கடல் கடந்த வாரிசுகள் எழுத முடியாது என்றும் சொல்லாதீர்கள். ஜூலியட் மாரிலியர் நியூசிலாந்தில் ஸ்காட்லாந்தியர் குடியேறிய டனீடின் ஊரில் பிறந்தவர். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருந்துகொண்டுதான் பழைய அயர்லாந்தைக் களமாக்கி 1999இல் 'டாட்டர் ஆஃப் தி ஃபாரஸ்ட்' நாவலைத் தந்தார். குடிபெயர்ந்தவர்களின் பேத்திக்கு அது முடிந்தது.

ஆனால் அதற்கு அடியில் ஒரு வேலை நடந்திருந்தது. அதை நாம் இன்னும் செய்யவில்லை. 1859இல் ஜான் பிரான்சிஸ் காம்பெல் மேற்கு மலைநாட்டுக் கதைகளைத் திரட்டத் தொடங்கினார். அவருக்கு உதவியவர்களில் ஹெக்டர் மெக்லீன் பள்ளி ஆசிரியர், ஹெக்டர் அர்குஹார்ட் வேட்டைக்காட்டுக் காவலாளி, ஜான் டூவர் காட்டுவேலைக்காரர். 1860இலிருந்து 1862க்குள் நான்கு பாகங்கள் வந்தன. கேலிக் மொழி மூலத்தையும் சேர்த்தே அச்சிட்டார்கள். இந்த நாட்டில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பேராவில் மட்டும் நூற்றுக்கு மேல். ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தோட்டத்தில் பிறந்து இப்போது பத்து காஜா, கம்பார், சுங்கை சிப்புட் தாமான்களில் பிள்ளைகளோடு இருக்கும் 80 வயதுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். முனியாண்டி எந்த நிரையில் குதிரையில் வந்தார், யார் பார்த்தது, யாருக்காக வந்தார் என்று கேளுங்கள். எந்தப் பெண் எந்தத் தோட்டத்துக்கு ஓடினாள், அவளைப் பற்றி லயத்தில் என்ன பாட்டுக் கட்டினார்கள் என்று கேளுங்கள். மாரியம்மன் தீ மிதியில் யாருக்கு அருள் வந்து என்ன சொல்லியது என்று கேளுங்கள். சொல்கிறபடியே, அவர்களுடைய பேச்சிலேயே எழுதுங்கள். காம்பெல் ஒவ்வொரு கதையோடும் அதைச் சொன்னவரின் பெயரையும் தொழிலையும் ஊரையும் அச்சிட்டார். நாமும் சொன்னவர் சம்மதித்தால் அவருடைய பெயர், தோட்டம், அங்கே அவர் பார்த்த வேலை மூன்றையும் கதையின் தலையிலேயே போட வேண்டும்.